முதியவரின் நாளை எங்கிருந்து சீர்செய்யத் தொடங்குவது? இரவுத் தூக்கம், பகலுறக்கம், நடை, நேர ஒழுங்கு: ஓர் ஒப்பீடு

பணி ஓய்வு பெற்ற ஒருவருடைய நாள் ஒரே மாதத்தில் குலைந்துவிடுவதில்லை. முதலில் காலையில் எழும் நேரம் தளர்கிறது. பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் கண்ணயர்வது இரண்டு மணி நேர உறக்கமாகிறது. மாலையில் தொலைக்காட்சியின் முன் நாற்காலியிலேயே தலை சாய்கிறது. நள்ளிரவு தாண்டியதும் விழிப்பு வந்துவிட, விடியும்வரை புரண்டு படுப்பது வழக்கமாகிறது. இதற்கிடையே தெரிந்தவர் பெயர் நினைவுக்கு வரத் தாமதமாவதும், பாஸ்புக்கை வைத்த இடம் மறப்பதும் சேர்ந்துகொள்ளும்போதுதான் பிள்ளைகள் கவலைப்படத் தொடங்குகிறார்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான மதிப்பீடு சொல்வதால் அந்தக் கவலையை வீண் பயம் என்று தள்ளிவிடவும் முடியாது.

அப்போது அவர்கள் காதில் விழும் ஆலோசனைகள் பெரும்பாலும் நான்குதான். இரவில் நன்றாகத் தூங்க வையுங்கள், பகலில் தூங்க விடாதீர்கள், நடக்கச் சொல்லுங்கள், எதையும் நேரத்துக்குச் செய்யப் பழக்குங்கள். நான்கும் நல்ல நோக்கத்தோடு சொல்லப்படுபவையே. ஆனால் எழுபது, எண்பது வயதில் ஒருவருடைய பழக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட முடியாது. அப்படி முயன்றால் பெரியவருக்கும் வீட்டாருக்கும் இடையில் மனக்கசப்புதான் மிஞ்சும். ஆகவே எதை முதலில் கையில் எடுப்பது என்பதே கேள்வி. எழும் நேரத்தை நிலைப்படுத்துவதிலும் பகல் வெளிச்சத்தைக் கூட்டுவதிலும் தொடங்குவதே மிகக் குறைந்த ஆபத்தில் மிகுந்த பலனைத் தரக்கூடியது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், அந்த முடிவு பொருந்தாத இடங்களையும் இங்கே எடுத்துவைக்கிறேன்.

மணிக்கட்டில் கடிகாரம்போல் அணியும் அசைவுமானியைக் கொண்டு ஒருவருடைய இருபத்துநான்கு மணி நேர அசைவுகளைப் பல நாட்கள் தொடர்ந்து பதிவு செய்யும் முறை இத்துறை ஆய்வுகளுக்கு அடிப்படை. எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதோடு, ஒரு நாளின் ஒழுங்கு மறுநாளின் ஒழுங்கை எவ்வளவு ஒத்திருக்கிறது, பகலின் சுறுசுறுப்புக்கும் இரவின் அமைதிக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது, பகலுக்குள் ஓய்வும் இரவுக்குள் நடமாட்டமும் எத்தனை முறை ஊடுருவுகின்றன என்பவற்றையும் அந்தப் பதிவு காட்டிவிடும். 65 வயதைத் தாண்டிய 1,800 அமெரிக்கர்களின் பதிவுகளை அலசி 2022இல் வெளியான ஆய்வில், காலை ஏழு மணிக்கு முன் எழுந்து ஏறத்தாழ பதினைந்து மணி நேரம் இயங்கி, அதையே நாள்தோறும் பின்பற்றியவர்கள் 37.6 விழுக்காடு. அவர்களுக்கு மனச்சோர்வு குறைவாகவும் சிந்தனைத்திறன் மேலாகவும் இருந்தன. இதே ஒழுங்கைக் குறைந்த மணி நேரங்களில் கடைப்பிடித்தவர்கள் அடுத்த நிலையிலும், ஒழுங்கு குலைந்தவர்கள் கடைசியிலும் இருந்தார்கள். இதற்கு முன்பே 2011இல், சராசரியாக 83 வயதான, மறதிநோய் இல்லாத ஏறத்தாழ 1,300 பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, பகல் இரவு வேறுபாடு மங்கியிருந்தவர்களுக்கும் நாளின் சுறுசுறுப்பு உச்சத்தை மிகத் தாமதமாக எட்டியவர்களுக்கும் பின்னாளில் அறிவாற்றல் குறையும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டியது.

இந்த இரண்டையும் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. நாளின் ஒழுங்கு குலைவதால் மூளை பாதிக்கப்படுகிறதா, மூளையில் ஏற்கெனவே தொடங்கிவிட்ட பாதிப்பு நாளின் ஒழுங்கைக் குலைக்கிறதா என்பதைக் கவனித்துப் பதிவுசெய்யும் ஆய்வு மட்டும் பிரித்துக் காட்டிவிடாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதற்குச் சான்றுகள் கூடிவருகின்றன. அதனால்தான் ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது, அதை மாற்றிப்பார்த்த சோதனைகள் என்ன சொல்கின்றன என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் வழி, இரவுத் தூக்கத்தை நீட்டுவது. 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஏழு முதல் எட்டு மணி நேரம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. பிரிட்டனின் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 8,000 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2021இல் வெளியான முடிவுகளின்படி, ஐம்பது, அறுபது, எழுபது வயதுகளில் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு ஏழு மணி நேரம் உறங்கியவர்களைவிட 30 விழுக்காடு அதிகமாக இருந்தது. நடுவயதில் இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஆனால் ஏற்கெனவே எண்பதில் இருக்கும் தாயாருக்கோ தந்தையாருக்கோ இதைச் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது வேறு விஷயம். அல்பிரசோலம், குளோனசிபாம், சோல்பிடெம் ஆகியவை சார்ந்த மருந்து வகைகளை முதியவர்களுக்குத் தவிர்க்கும்படி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் தெளிவாகச் சொல்கிறது. தடுமாறி விழுவதும், இடுப்பெலும்பு முறிவதும், மனக்குழப்பமும் அவற்றால் கூடுகின்றன. சளிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமினும் அதே பட்டியலில் இருக்கிறது. "சளி மாத்திரை போட்டால் அப்பா நன்றாகத் தூங்குகிறார்" என்று மகிழ்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அதே சமயம், பல ஆண்டுகளாகத் தூக்க மாத்திரை எடுத்துவருபவருக்கு அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மாத்திரையில்லாமல் தூக்கத்தைச் சீர்செய்யும் நடத்தைச் சிகிச்சையையே நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அதன் மையக் கருத்து பலருக்கு வியப்பைத் தரும்: தூக்கம் வராதவர் படுக்கையில் கழிக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கே படுக்கையை விரித்துவிட்டுக் காலை ஆறு வரை அதிலேயே இருப்பவருக்குப் பத்து மணி நேரமும் தூக்கம் வராது. இருக்கும் ஆறரை மணி நேரத் தூக்கம் அந்தப் பத்து மணி நேரத்துக்குள் துண்டு துண்டாகச் சிதறும். பயிற்சி பெற்ற உளவியலாளர் கிடைத்தால் இது மிகச் சிறந்த வழி. நம் ஊர்களில் அப்படிப்பட்டவர்கள் பெருநகரங்களுக்கு வெளியே அரிதாகவே கிடைப்பதுதான் அதன் குறை.

இரண்டாவது வழியாகிய பகலுறக்கத்தை நிறுத்துவது, நான்கிலும் மிகவும் சிக்கலானது. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக ஆய்வில் கலந்துகொண்ட 1,401 முதியவர்களை ஆண்டுதோறும் அசைவுமானியால் அளந்து 2022இல் வெளியிட்ட முடிவுகளில், நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பகலில் உறங்கியவர்களுக்கு அல்சைமர் மறதிநோய் வரும் வாய்ப்பு 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இதைக் கேட்டதும் பகலுறக்கம் கெட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அதே ஆய்வுதான் இன்னொன்றையும் காட்டியது: அறிவாற்றல் குறையாதவர்களின் பகலுறக்கம் ஆண்டுக்குச் சராசரியாக 11 நிமிடம் கூடியது, இலேசான குறைபாடு தென்பட்டபின் அது 24 நிமிடமாகவும், அல்சைமர் கண்டறியப்பட்டபின் 68 நிமிடமாகவும் உயர்ந்தது. அல்சைமரால் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வொன்று, நம்மை விழிப்பாக வைத்திருக்கும் நரம்பணுக்களே இந்நோயில் பெருமளவு அழிந்துபோவதைக் கண்டது. அப்படியானால் பகல் முழுவதும் தூங்கி வழிவது பல வேளைகளில் நோயின் அடையாளம். அதை அதட்டி நிறுத்துவதால் நோய் நிற்கப்போவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், 65 வயதைத் தாண்டிய ஏறத்தாழ 3,000 சீனர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், மதிய உணவுக்குப் பின் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் உறங்கியவர்களே, அறவே உறங்காதவர்களையும் நெடுநேரம் உறங்கியவர்களையும்விட நினைவாற்றல் தேர்வுகளில் மேலாக இருந்தார்கள். மதிய உறக்கம் ஊர் வழக்கமாக இருக்கும் சமூகத்தில் அதன் பொருளே வேறு என்பதை இது உணர்த்துகிறது. கத்திரி வெயிலில் விடியலுக்கு முன் எழுந்த ஒருவர் ஒரு மணிக்குப் படுத்து ஒன்றரைக்கு எழுவதை நோயின் அறிகுறியாகப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. என் கருத்தில், மூன்று மணிக்கு முன் முடியும் அரைமணி முதல் முக்கால் மணி நேர உறக்கத்தை விட்டுவிடலாம். மாலை நாற்காலித் தூக்கத்தைத்தான் தவிர்க்க வேண்டும். அது இரவுத் தூக்கத்தின் பசியைத் தின்றுவிடுகிறது. பல ஆண்டுகளாக அரைமணி உறங்கியவர் சில மாதங்களுக்குள் இரண்டு மணி நேரம் உறங்கத் தொடங்கினால் அதைப் பழக்கம் என்று விட்டுவிடாமல், சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகை, குறட்டையோடு வரும் மூச்சுத்தடை, புதிதாகச் சேர்ந்த மருந்துகள், மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போக வேண்டும்.

மூன்றாவது வழி, உடலியக்கம். இதற்கான சோதனைச் சான்றுகள் ஏராளம்; அதே அளவுக்குக் கலவையானவையும்கூட. 120 முதியவர்களைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியான சோதனையில், வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் வேகமாக நடந்தவர்களுக்கு ஓராண்டில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி 2 விழுக்காடு பெருத்தது. உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது 1.4 விழுக்காடு சுருங்கியது. ஆனால் 70 முதல் 89 வயதுவரையிலான 1,635 பேரை இரண்டு ஆண்டுகள் பயிற்சியில் ஈடுபடுத்தி 2015இல் முடிவு வெளியிட்ட பெரிய அமெரிக்கச் சோதனையில், உடல்நலப் பாடம் மட்டும் கேட்டவர்களைவிடப் பயிற்சி செய்தவர்களின் சிந்தனைத்திறன் மேம்படவில்லை. அதே ஆண்டில் வெளியான பின்லாந்துச் சோதனையில் கலந்துகொண்ட 1,260 பேரில் பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு எல்லாம் சேர்த்து அளிக்கப்பட்டபோது அறிவாற்றலில் நன்மை தெரிந்தது. நடை தன்னளவில் எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வேறு நன்மைகளோடு சேரும்போது அதன் பலன் கூடுகிறது என்றே இவற்றை நான் புரிந்துகொள்கிறேன். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் விழாமல் நடமாடுவதற்கும் அது தரும் நன்மையில் ஐயமே இல்லை. வாரம் 150 நிமிட மிதமான இயக்கத்தோடு, வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைக்கும் தசைவலுவுக்குமான பயிற்சிகளும் முதியவர்களுக்குத் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி சொல்வதில் பின்பகுதியை நம் வீடுகளில் யாரும் கண்டுகொள்வதில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்து முறை செய்வதும் பயிற்சிதான்.

இங்கே மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "இத்தனை வருஷம் உழைத்தது போதும்மா, நீங்கள் உட்காருங்கள்" என்று அன்பினால்தான் சொல்கிறோம். அதோடு காய் நறுக்குவது, கோலம் போடுவது, துணி மடிப்பது, மளிகைக் கணக்கு எழுதுவது என எல்லாம் அம்மாவின் கையைவிட்டுப் போகின்றன. அப்பாவிடமிருந்து பால் வாங்கி வருவதும் ரேஷன் கடைக்குப் போவதும் பறிபோகின்றன. நாள் முழுவதும் சிறுசிறு அளவில் பரவியிருந்த அசைவும், ஒன்றை முடித்து அடுத்ததைத் திட்டமிடும் சிந்தனையும், இன்ன நேரத்துக்கு இன்ன வேலை என்ற ஒழுங்கும் ஒருசேர மறைகின்றன. காலையில் முப்பது நிமிடம் நடத்திவிட்டு மீதிப் பதினான்கு மணி நேரம் நாற்காலியில் உட்காரவைப்பது இதற்கு ஈடாகாது. முடிந்த வேலைகளை அவர்களிடமே விட்டுவைப்பது உடலியக்கத்துக்கும் நேர ஒழுங்குக்கும் ஒரே சமயத்தில் உதவும் வழி. அதற்குப் பணமும் தேவையில்லை.

நான்காவது வழி, நேர ஒழுங்கும் வெளிச்சமும். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களின் கொத்துதான் உடலின் தலைமைக் கடிகாரம். கண்வழியே வரும் வெளிச்சம் அதைத் தினமும் திருத்தி வைக்கிறது. முதுமையில் அந்தக் கடிகாரத்தின் சைகை வலுவிழக்கிறது. கண்ணின் வில்லை மஞ்சளாகி, கடிகாரத்துக்கு மிகவும் தேவையான நீல ஒளியைத் தடுக்கிறது. வெளியே போவதும் குறைகிறது. வீட்டுக் கூடத்தின் வெளிச்சம், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்னும் அலகில், பெரும்பாலும் 100 முதல் 300தான். மேகம் மூடிய பகலிலும் வெளியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். குழல்விளக்கு எரியும் கூடத்திலேயே நாளைக் கழிப்பவருடைய மூளைக்குப் பகலென்று ஒன்று வந்ததே தெரியாமல் போகிறது.

இந்த வழிக்குச் சோதனைச் சான்றும் உண்டு. நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில், பெரும்பாலும் மறதிநோய் உள்ள 189 பேரிடம் நடந்து 2008இல் வெளியான சோதனையில், கூடங்களில் பகல் முழுவதும் ஏறத்தாழ 1,000 லக்ஸ் வெளிச்சம் கிடைக்கும்படி விளக்குகள் பொருத்தப்பட்டன. அறிவாற்றல் சரிவு 5 விழுக்காடும், மனச்சோர்வு அறிகுறிகள் 19 விழுக்காடும் குறைந்தன. அதே சோதனையில் சிலருக்குக் கொடுக்கப்பட்ட, இரவு வந்துவிட்டதை உடலுக்கு உணர்த்தும் ஹார்மோனாகிய மெலட்டோனின் மாத்திரை தூக்கத்தை நீட்டினாலும், வெளிச்சமின்றித் தனியாகக் கொடுக்கப்பட்டபோது மனநிலையைப் பாதித்தது. ஐந்து விழுக்காடு என்பது பெரிய எண் அல்ல. ஆனால் விளக்கைத் தவிர வேறெதுவும் மாற்றாமல், விழும் ஆபத்தைக் கூட்டாமல், ஏற்கெனவே நோயுற்றவர்களிடம் கிடைத்த பலன் என்று பார்க்கும்போது அதன் மதிப்பு எனக்குப் பெரிதாகவே தோன்றுகிறது.

நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகிறது. மாத்திரை உடனே வேலை செய்யும். ஆபத்தும் அதில்தான் அதிகம். பகலுறக்கத்தைத் தடுப்பதற்குக் காவல் வேண்டும், பலனும் நிச்சயமில்லை. நடையின் பலன் உடம்பு முழுவதற்கும் உரியது, ஆனால் மூட்டுவலியும் மேடுபள்ளமான தெருவும் நாய்களும் வெயிலும் குறுக்கே நிற்கும். எழும் நேரத்தை வாரத்தின் ஏழு நாளும் ஒன்றாக வைத்துக்கொண்டு, காபியையும் நாளிதழையும் கூடத்திலிருந்து திண்ணைக்கோ பால்கனிக்கோ மாற்றுவதற்கு இந்தத் தடைகள் எதுவும் இல்லை. மேலும் இந்த ஒன்று நிலைபெற்றால் மற்ற மூன்றும் எளிதாகின்றன: காலையில் ஒரே நேரத்தில் எழுபவருக்கு இரவில் தூக்கம் தானாக அழுத்தும், மதிய உறக்கம் சுருங்கும், நடைக்கு ஒரு நேரம் கிடைக்கும். நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரின் விடியலைக் கணக்கில் கொள்ள வேண்டும். சென்னையில் மே மாத இறுதியில் சூரியன் 5.40 மணியளவில் உதிக்கிறது. ஜனவரி இறுதியில் 6.35 ஆகிவிடும். தை மாதத்தில் ஐந்து மணிக்கே நடந்து முடித்துவிட்டு வீட்டுக்குள் அடைபவருக்கு நடையின் பலன் கிடைக்கும், வெளிச்சத்தின் பலன் கிடைக்காது.

இந்த வரிசையை மாற்றியமைக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். இரவு ஏழரைக்கே கண் சொருகி இரண்டரைக்கு விழித்துக்கொள்பவர் ஏழு மணி நேரம் முழுமையாகத் தூங்கியிருக்கிறார். அவருடைய கடிகாரம் முன்கூட்டியே ஓடுகிறது, அவ்வளவுதான். அவருக்கு அதிகாலை வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் முன்னே தள்ளும். மாலை ஐந்து மணிக்குமேல் வெளியில் உட்கார்ந்து பேசுவதும், பொழுது சாய்ந்தபின் கூடத்தைப் பிரகாசமாக வைத்திருப்பதுமே அவருக்கு ஏற்றவை. சிறுநீருக்காக மூன்று நான்கு முறை எழுபவருக்கு எந்த ஒழுங்கும் உதவாது. நீர் பிரிக்கும் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா, புராஸ்டேட் வீக்கம் இருக்கிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதை மருத்துவர் பார்த்த பிறகே மற்றதெல்லாம். கண்புரை முற்றியிருப்பவருக்கு அறுவைச் சிகிச்சையே முதல் வேலை. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024இல் டிமென்ஷியாவுக்குக் காரணமாகி, மாற்றவும் கூடிய 14 காரணிகளில் பார்வைக் குறைவைப் புதிதாகச் சேர்த்தது. உடலியக்கமின்மையும் கேட்கும் திறன் குறைவும் இரத்த அழுத்தமும் அதில் உள்ளன. தூக்கம் அந்தப் பதினான்கில் இடம்பெறவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. காதுக்கருவி தேவைப்படும் ஒருவருக்கு அதை வாங்கித் தராமல் தூக்கத்தைப் பற்றி மட்டும் கவலைப்படுவது முறையான வரிசை ஆகாது.

ஏற்கெனவே டிமென்ஷியா உறுதியானவர் வீட்டில் இருந்தால், மாலை மயங்கும் நேரத்தில் பதற்றமும் அலைச்சலும் கூடுவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே நேர ஒழுங்கு ஒரு தேர்வு என்பதைத் தாண்டி, பராமரிப்பவருடைய உடல்நலத்துக்கும் தேவையாகிவிடுகிறது: குளியல், சாப்பாடு, வெளியில் உட்காருவது எல்லாம் தினமும் அதே நேரத்தில், அதே வரிசையில் நடக்க வேண்டும், இருட்டுவதற்கு முன்பே விளக்குகள் எரிய வேண்டும், இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் மட்டும் மங்கலான விளக்கு இருக்க வேண்டும்.

மாற்றத்தைத் தொடங்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரத்துக்கு எழுந்த நேரம், படுத்த நேரம், பகலில் உறங்கிய நேரம், வெளியில் இருந்த நேரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் எழுந்த நேரத்துக்கும் அசைவுக்கும் அதை நம்பலாம். ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு, கனவுத் தூக்கம் இவ்வளவு என்று அது பிரித்துச் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பிறகு எழும் நேரத்தையும் வெளிச்சத்தையும் மட்டும் மாற்றி நான்கு வாரம் அதே குறிப்பைத் தொடருங்கள். அதன்பின்னும் பகலுறக்கம் கூடிக்கொண்டே போனாலோ, பழகிய தெருவில் வழி தவறினாலோ, பணக் கணக்கில் புதிய தடுமாற்றம் தெரிந்தாலோ, அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவரைப் பாருங்கள், ஆறு வாரப் பதிவு கையில் இருக்கும்போது, "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" என்று அவர் கேட்கும் முதல் கேள்விக்கு ஊகமின்றிப் பதில் சொல்ல முடியும்.